வண்டியில் படியும் உப்புக்கறை

இல்லம் பேணுவோம்



வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் படியும் வெள்ளைப் பொருக்கைப் பற்றிக் கடந்த திங்கள் இப்பகுதியில் எழுதியிருந்தோம். அதனைப் படித்த அன்பர் ஒருவர், "பாத்திரத்துக்கு வழி சொன்னீர்கள், என் காருக்கும் ஒரு வழி சொல்லக்கூடாதா? வாரந்தோறும் தவறாமல் கழுவுகிறேன். கழுவக் கழுவப் புள்ளிகள் பெருகுகின்றனவேயன்றிக் குறையவில்லை. முகப்புக் கண்ணாடி அம்மைத் தழும்பு விழுந்த முகம்போல் ஆகிவிட்டது" என்று எழுதியுள்ளார். ஸ்கூட்டர் வைத்திருக்கும் சகோதரியர் இருவரும் இதே குறையைத் தெரிவித்துள்ளனர். ஆகவே இத்திங்கள் அடுக்களையை விட்டு வாசலுக்கு வருகிறோம்.

இக்கேள்விக்கு விடை கூற நமக்கு ஒரு தகுதி உண்டு. இதில் செய்யக்கூடிய தவறுகளை ஏறக்குறைய ஒன்றுவிடாமல் செய்து, அவற்றின் விலையையும் கொடுத்தவர்கள் நாம். முதலில் அதனைச் சொல்லிவிடுவதே முறை.

நாம் பட்ட பாடு

கோவையின் புறநகரில் நாம் குடியிருந்த வீட்டில் இரண்டு வகைத் தண்ணீர் உண்டு. சிறுவாணித் தண்ணீர் சில நாள்களுக்கு ஒருமுறை வரும். அது குடிப்பதற்கும் சமைப்பதற்கும். மற்றெல்லாவற்றுக்கும் ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீர்தான். சிறுவாணித் தண்ணீரில் பருப்பு விரைவில் வேகும். சோப்பு நுரைத்துப் பொங்கும். உப்புத் தண்ணீரிலோ சோப்புத் தேய்ந்து போகுமேயன்றி நுரை வாராது. கோவை மக்களுக்கு இதனை விளக்கத் தேவையில்லை.

நம்மிடம் கருநீல நிறத்தில் ஒரு பழைய கார் இருந்தது. அதனை மேல்நிலைத் தொட்டிக்குக் கீழே நிறுத்துவது வழக்கம். மோட்டாரை நிறுத்த மறந்த நாள்களில் தொட்டி நிரம்பி வழியும். அந்நீர் காரின்மேல் சாரலாகச் சிதறும். ஞாயிறு தோறும் காலை பதினொரு மணியளவில், வெயில் ஏறிய பின்னர், குழாயை நீட்டி வண்டியைக் குளிப்பாட்டுவோம். துடைப்பதில்லை. "வெயில் இருக்கிறதே, அது காய வைத்துக்கொள்ளும்" என்பது நம் எண்ணம். இவ்வாறு இரண்டு ஆண்டுகள் கழிந்தன. புள்ளிகள் பெருகின. அழகுக் குறைதானே என்று விட்டுவிட்டோம்.

அது அழகுக் குறை மட்டுமன்று என்பதை ஓர் இரவு உணர்ந்தோம். உறவினர் வீட்டுத் திருமண வரவேற்பை முடித்துக்கொண்டு பொள்ளாச்சிச் சாலையில் திரும்பிக்கொண்டிருந்தோம். கிணத்துக்கடவைத் தாண்டியதும் எதிரே ஒரு லாரி முழு ஒளியுடன் வந்தது. அந்த ஒளி பட்ட மாத்திரத்தில், கண்ணாடியிலிருந்த ஒவ்வொரு புள்ளியும் ஒரு சிறு விளக்காக எரிந்தது. கண்ணெதிரே வெள்ளைத் துணி ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டாற்போல் ஆயிற்று. சாலையோரம் தென்னங்கீற்றுக் கட்டு ஏற்றிய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒருவர் நடந்து சென்றதை நாம் காணவில்லை. நம் துணைவியார் அலறினார். பிரேக்கை அழுத்தினோம். ஒரு முழ இடைவெளியில் வண்டி நின்றது. அம்மனிதர் நம்மை ஏசவில்லை. சரிந்த கீற்றுக் கட்டை நிமிர்த்தினார், ஒருமுறை திரும்பிப் பார்த்தார், நடந்து போய்விட்டார். நமக்குத்தான் நெடுநேரம் கைநடுக்கம் தீரவில்லை.

மறுநாள் காலை, குற்றவுணர்வும் சினமும் ஒன்றுசேர, குளியலறைத் தரைக்கு வைத்திருந்த ஆசிட் பாட்டிலையும் பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரையும் எடுத்துக்கொண்டு காரின்மேல் பாய்ந்தோம். அரைமணி நேரத்தில் பானெட்டின் மெருகு மங்கிற்று. குரோமிய விளிம்புகள் கறுத்தன. கண்ணாடியில் பிறைப் பிறையாகக் கீறல்கள் விழுந்தன. புள்ளிகளில் பாதி போயின. மீதிப் பாதி அப்படியே இருந்தன. முடிவில் முகப்புக் கண்ணாடியையே மாற்ற வேண்டியதாயிற்று.

வண்ணம் பூசும் பட்டறையில் இருந்த முதியவர் ஒருவர் வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "தண்ணி மேல குத்தமில்லைங்க. காய விட்டீங்களே, அதுதானுங்க குத்தம்." இத்திங்கள் கட்டுரை முழுவதும் அவருடைய அந்த ஒரு வாக்கியத்தின் விளக்கமே ஆகும்.

கறை எங்கிருந்து வருகிறது?

மழைநீர் மென்மையானது. அது மண்ணுக்குள் இறங்கும்போது, வேர்களும் நுண்ணுயிர்களும் வெளிவிடும் கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகிறது. அவ்வமில நீர் வழியிலுள்ள சுண்ணக்கல்லையும் பிற பாறைகளையும் சிறிது சிறிதாகக் கரைத்து, கால்சியம், மக்னீசியம் ஆகியவற்றின் உப்புகளைச் சுமந்துகொள்கிறது. இதுவே கடின நீர். தமிழ்நாட்டின் பெரும்பகுதி கடும்பாறை நிலம். பாறை வெடிப்புகளில் நெடுங்காலம் தங்கிய நீரையே ஆழ்துளைக் கிணறுகள் மேலே கொணர்கின்றன. கோவைக்கு அருகே மதுக்கரையிலும், அரியலூர் வட்டாரத்திலும் சிமெண்டுக்காக வெட்டியெடுக்கப்படும் அதே சுண்ணக்கல்தான், கரைந்த வடிவில் பல ஊர்க் குழாய்களிலும் வருகிறது எனலாம்.

குடிநீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நலம் என்றும், வேறு நீர் கிடையாதவிடத்து 600 மில்லிகிராம் வரை ஏற்கலாம் என்றும் இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2012ஆம் ஆண்டில் வெளியிட்ட குடிநீர்த் தரவிதி கூறுகிறது. இந்த 600 என்பதன் பொருளைக் கணக்கிட்டுப் பார்ப்போம். பதினைந்து லிட்டர் வாளி ஒன்றில் 9 கிராம் சுண்ணக்கல்லுக்கு ஈடான உப்பு மறைந்திருக்கிறது. கழுவி முடித்த கார்மீது கால் லிட்டர் நீர் ஒட்டியிருப்பதாக வைத்துக்கொண்டால், அது காயும்போது 150 மில்லிகிராம் படியும். வாரம் ஒருமுறை வீதம் ஓராண்டில் ஏறக்குறைய 8 கிராம்! நாம் வண்டியைக் கழுவவில்லை. அதற்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தோம்.

நீர் ஆவியாகும்போது, கரைந்திருந்த கரியமில வாயுவும் வெளியேறிவிடுகிறது. அதன் துணையால் கரைந்திருந்த சுண்ணக்கல் மீண்டும் கல்லாகவே திரும்புகிறது. நீர் மட்டுமே போகிறது. நீர் சுமந்து வந்தது எங்கும் போவதில்லை.

புள்ளி ஏன் வளையமாக இருக்கிறது?

கூர்ந்து நோக்கினால், கறை நிறைவட்டமாக இராமல் விளிம்பில் தடித்தும் நடுவில் மெலிந்தும் இருப்பதைக் காணலாம். காப்பித் துளி காய்ந்த கறையும் அவ்வாறே இருக்கும். 1997ஆம் ஆண்டில் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதன் காரணத்தை விளக்கினர். துளியின் விளிம்பு ஓரிடத்தில் ஒட்டிக்கொள்கிறது. விளிம்பில் நீர் விரைந்து ஆவியாகிறது. அவ்விழப்பை ஈடுசெய்ய நடுவிலிருந்து நீர் விளிம்பு நோக்கி ஓடுகிறது. ஓடும் நீர் தான் சுமந்த பொருளையெல்லாம் விளிம்பில் கொண்டுபோய்க் குவிக்கிறது. எனவேதான் வளையத்தின் கரை அத்துணை உறுதியாக நிற்கிறது.

வெயிலில் நிற்கும் துளி உருப்பெருக்கிக் கண்ணாடிபோல் செயற்பட்டு வண்ணத்தைச் சுட்டுவிடுகிறது என்று சிலர் கூறுவர். தகட்டின்மேல் தட்டையாகப் படிந்த துளி ஒளியைக் குவிக்கும் இடம், வண்ணப் பரப்புக்கு மிகக் கீழே அமைகிறது. ஆதலால் இக்கூற்று பொருந்தாது. கெடுதி செய்வன இரண்டே: சூடேறிய தகடு, வற்ற வற்றச் செறியும் உப்பு.

கறையின் வகைகள்

எல்லா வெண்புள்ளிகளும் ஒரே பொருள் அல்ல. இதனை அறியாததால்தான், "வினிகர் போட்டேன், போகவில்லை" என்று ஒருவரும், "எனக்கு உடனே போய்விட்டது" என்று மற்றொருவரும் கூறுகின்றனர்.

முதல் வகை, சுண்ணக்கல் கறை. மிகுதியாகக் காணப்படுவது இதுவே. காடி என்று நம் முன்னோர் வழங்கிய வினிகருக்கு இது கரையும். கரையும்போது நுண்ணிய குமிழிகள் எழும். அவை, மண்ணுக்குள் நீர் பெற்ற அதே கரியமில வாயுவே. பிள்ளைகளுக்கு இதனைக் காட்ட விரும்பினால், ஒரு முட்டையை வினிகரில் மூழ்க வைத்துவிடுங்கள். ஓடு முழுவதும் குமிழிட்டுக் கரைந்து, ஓரிரு நாள்களில் தோல் மட்டும் போர்த்த முட்டை மிஞ்சும்.

இரண்டாம் வகை, ஜிப்சம் கறை. சல்பேட் மிகுந்த நீரிலிருந்து தோன்றுவது. இது வினிகருக்குக் குமிழிடாது. ஆயினும் ஒரு லிட்டர் நல்ல நீரில் சுமார் 2 கிராம் அளவுக்குக் கரையக்கூடியது. ஆதலால் அமிலத்தைக் கூட்டுவதில் பயனில்லை. ஈரத்துணியைப் போர்த்திப் பொறுமையுடன் ஊறவிடுவதே வழி.

மூன்றாம் வகை, சிலிகாக் கறை. பாறையிலுள்ள மணற்சத்து நீரில் சிறிதளவு கரைந்து வந்து படிவது. வினிகரோ எலுமிச்சையோ இதனை அசைக்கா. மெருகுப் பசையால் தேய்த்தே நீக்க வேண்டும்.

இவையன்றி நான்காவதாக ஒன்றுண்டு. அது கறையன்று, காயம். உப்பு நெடுநாள் கிடந்து மேற்பூச்சை அரித்துவிட்ட பள்ளம் அது. நகத்தை மெல்லத் தடவிப் பாருங்கள். மேடாகத் தட்டுப்பட்டால் படிவு. பள்ளமாகத் தட்டுப்பட்டால் அரிப்பு. படிவைக் கரைக்கலாம், பள்ளத்தைக் கரைக்க இயலாது.

வண்ணப்பூச்சில் செய்ய வேண்டியவை

இக்காலக் கார்களில் நாம் காணும் நிறத்திற்கு மேலே நிறமற்ற மெருகுப் படலம் ஒன்று உண்டு. அதன் தடிமன் பொதுவாக 40 அல்லது 50 மைக்ரான் அளவே. நம் தலைமுடி ஒன்றின் தடிமனை விடக் குறைவு. வெயிலின் புறஊதாக் கதிரிலிருந்து நிறத்தைக் காப்பது அதுவே. இதனை மனத்திற்கொண்டு கைவைக்க வேண்டும்.

வண்டியை நிழலில் நிறுத்தி, உலோகம் கைக்குக் குளிரும்வரை காத்திருங்கள். முதலில் கார் ஷாம்பூ கரைத்த நீரால் தூசியையும் மணலையும் முழுமையாகக் கழுவிவிடுங்கள். மணல் இருக்கும்போது தேய்ப்பது, உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதற்கு ஒப்பாகும்.

பிறகு வெள்ளை வினிகர் ஒரு பங்கு, காய்ச்சி வடித்த நீர் ஒரு பங்கு கலந்துகொள்ளுங்கள். பேட்டரிக்கு ஊற்றுவதற்கென்று பெட்ரோல் நிலையங்களில் விற்கும் நீரே காய்ச்சி வடித்த நீர். கதவின் அடிப்பகுதி போன்ற மறைவான ஓரிடத்தில் முதலில் சோதித்துப் பாருங்கள். தீங்கு இல்லையெனில், பருத்தித் துணியை அக்கலவையில் நனைத்துக் கறையின்மேல் ஓரிரு நிமிடம் போர்த்தி வையுங்கள். காய விடலாகாது. துணியை எடுத்து, அழுத்தாமல், ஒரே திசையில் துடையுங்கள். உடனே நீரூற்றிக் கழுவுங்கள். ஒரு முறையில் போகாவிடின் இரண்டு, மூன்று முறை செய்யலாம். அதற்கு மேலும் நின்றால் அது சுண்ணக்கல் அன்று என அறிந்து நிறுத்திக்கொள்ளுங்கள்.

முடிவில், ஒரு லிட்டர் நீரில் ஒரு தேக்கரண்டி சமையல் சோடா கரைத்து அவ்விடத்தைக் கழுவினால் எஞ்சிய அமிலம் அடங்கிவிடும். பின் நல்ல நீரால் கழுவித் துடைத்து, மெழுகு பூசுங்கள். வினிகர் கறையுடன் பழைய மெழுகையும் கொண்டுபோய்விடும் என்பதால் இதனைத் தவிர்க்கலாகாது.

வினிகர் தீங்கற்றது என்று எண்ணி எங்கும் ஊற்றிவிட வேண்டாம். பூசப்படாத அலுமினியத்திலும், புதிதாகப் பூசிய வண்ணத்திலும், மெருகில்லாத வகை வண்ணத்திலும் அது படலாகாது. மற்றொன்றையும் பலர் மறந்துவிடுகின்றனர். வாசல் தளம் கடப்பைக் கல்லோ சலவைக்கல்லோ ஆயின் அதுவும் சுண்ணக்கல் இனமே. காரிலிருந்து சொட்டும் வினிகர், காரின் கறையைப் போக்கித் தளத்தின் மெருகைக் கெடுத்துவிடும். வண்டியை மண்தரையில் நிறுத்திச் செய்வது நலம்.

வினிகருக்கும் ஊறலுக்கும் மசியாத கறைக்கு, வண்ணத்திற்கென்று விற்கும் மென்மையான மெருகுப் பசையைக் கையால் இட்டுத் தேய்க்கலாம். ஒவ்வொரு மெருகிடலும் அம்மெல்லிய படலத்தில் சிறிது எடுத்தே ஒளி தருகிறது. ஆழமான பள்ளத்தை முற்றும் மறைக்க முயன்றால் படலமே அற்றுப்போகும். சில தழும்புகளைத் தழும்பாகவே விட்டுவிடுவது அறிவுடைமை.

கண்ணாடியில் செய்ய வேண்டியவை

கண்ணாடி வண்ணத்தினும் வன்மையானது. ஆதலால் இங்குச் சற்று உரிமையுடன் செயற்படலாம். கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் சுண்ணக்கல் 3, கண்ணாடி சுமார் 5½, மணல் 7. இம்மூன்று எண்களை நினைவில் வைத்தால் போதும். கறை கண்ணாடியை விட மென்மையானது. எனவே கண்ணாடியைக் கீறாமல் கறையை எடுக்க முடியும். மணலோ கண்ணாடியை விட வன்மையானது. எனவே துணியில் ஒரு மணல் இருந்தாலும் கீறல் விழும். நாம் இட்ட பிறைக் கீறல்களின் காரணம் இப்போது விளங்குகிறது.

நீர் கலவாத வெள்ளை வினிகரில் துணியை நனைத்துக் கண்ணாடிமேல் பத்து நிமிடம் ஒட்டி வையுங்கள். உலருமுன் மீண்டும் நனையுங்கள். கீழே வண்ணத்தில் வழியாமல் ஈரத்துணி ஒன்றைத் தடுப்பாக வைத்துக்கொள்ளுங்கள். பின் துடைத்துக் கழுவுங்கள். இதற்கும் நிற்கும் கறைக்கு, சீரியம் ஆக்சைடு என்னும் நுண்பொடியை நீரில் குழைத்து, கம்பளித் துண்டால் வட்டமாகத் தேய்ப்பதுண்டு. மூக்குக்கண்ணாடி வில்லைகளையும் தொலைநோக்கி வில்லைகளையும் மெருகிடுவோர் பயன்படுத்தும் பொருளே இது. ஒரே இடத்தில் நெடுநேரம் தேய்த்தால் அவ்விடம் குழிந்து, அதன் வழியே காணும் காட்சி நெளியும். ஓட்டுநரின் கண்ணுக்கு நேரான பகுதியில் இதனை நீங்களே செய்யாது, கைதேர்ந்தவரிடம் விடுக.

கண்ணாடியும் அழியாப் பொருளன்று. நீர் நெடுநாள் தேங்கினால் கண்ணாடியிலுள்ள சோடியத்தைச் சிறிது சிறிதாக வெளியே இழுக்கும். அதனால் அந்நீர் காரத்தன்மை மிகுந்து, முடிவில் கண்ணாடியையே அரிக்கும். அவ்வாறு அரிக்கப்பட்ட கண்ணாடி ஈரமாக இருக்கையில் தெளிவாகவும், காய்ந்தபின் பால்படிந்தாற்போலவும் தோன்றும்.

உங்கள் கண்ணாடியின் நிலையை அறிய எளிய சோதனை ஒன்று கூறுவோம். பகலில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பகலில் நம் கண்ணாடியும் நன்றாகவே தோன்றிற்று. இரவில், நிறுத்திய வண்டிக்குள் அமர்ந்து, எதிரே ஒரு தெருவிளக்கு இருக்குமாறு நோக்குங்கள். விளக்கைச் சுற்றி வெண்புகை படர்ந்தாற்போல் இருந்தால், அக்கண்ணாடியுடன் இரவுப் பயணம் வேண்டாம். துடைத்து, ஊறவைத்து, மெருகிட்டும் தெளியாவிடில் கண்ணாடியை மாற்றிவிடுங்கள். அச்செலவு பெரிதுதான். சாலையோரம் நடப்பவரின் உயிரோடு ஒப்பிட்டால் அது செலவே அன்று.

வைப்பரின் ரப்பர் விளிம்பையும் வாரந்தோறும் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். உப்புப் பொருக்கும் மணலும் அதில் ஒட்டிக்கொண்டு, ஒவ்வோர் அசைவிலும் கண்ணாடியைக் கீறும். கண்ணாடி கழுவும் நீர்க்கலத்தில் உப்புத் தண்ணீரை ஊற்றுவோர் தம் கையாலேயே கறை விதைக்கின்றனர். அதில் காய்ச்சி வடித்த நீரையே ஊற்றுக.

இருசக்கர வண்டி வைத்திருப்போர்க்கு ஒரு சொல். தலைக்கவசத்தின் முகமூடி கண்ணாடியன்று. பாலிகார்பனேட் என்னும் பிளாஸ்டிக். காரின் முன்விளக்கு மூடியும் அதுவே. இது எளிதில் கீறும். பெட்ரோலும் தின்னரும் பட்டால் வெடிப்புவிடும். ஈரத்துணியைப் போர்த்தி ஊறவிட்டு, சோப்பு நீரால் விரல்நுனி கொண்டு கழுவுவதே போதும். தெளியாத முகமூடியை மாற்றிவிடுங்கள்.

ஒருபோதும் செய்யத்தகாதவை

குளியலறை ஆசிட்டை வண்டிக்கு எடுக்காதீர்கள். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். குரோமியப் பூச்சையும் அலுமினியத்தையும் தின்னும். அதன் ஆவி நெஞ்சை அடைக்கும். அமிலம் எதனையும், வினிகரையுங்கூட, பிளீச்சிங் பவுடர் கரைசலோடு சேர்க்காதீர்கள். குளோரின் நச்சுவாயு எழும். கண்ணாடிக் கறையை நொடியில் போக்கும் என்று விற்கப்படும் சில திரவங்களில் ஹைட்ரோபுளூரிக் அமிலம் இருப்பதுண்டு. அது தோலில் பட்டதும் எரியாமலே இருக்கலாம். சில மணி நேரம் கழித்து, ஆழத்துக்குச் சென்று, உடலின் கால்சியத்தையே பற்றிக்கொண்டு பெருந்தீங்கு செய்யும். புட்டியின் மேல் அப்பெயரைக் கண்டால் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். இரும்பு நார், அடுக்களைத் தேய்ப்புப் பொடி, சாம்பல், செங்கற்பொடி இவற்றை வண்ணத்தின் பக்கமே கொண்டுசெல்லலாகாது.

வராமற் காப்பது எப்படி?

கழுவ உகந்த நேரம் அதிகாலை அல்லது வெயில் தாழ்ந்த மாலை. முழு வண்டியையும் ஒருசேர நனைக்காமல், முதலில் கூரை, பின் கண்ணாடிகள், பின் பானெட், பின் கதவுகள் என்று பகுதி பகுதியாகக் கழுவி, அப்பகுதி உலருமுன்னரே நல்ல துணியால் ஒற்றி எடுத்துவிடுங்கள். பட்டறைப் பெரியவர் சொன்னது இதுதான்: துணி வெயிலை முந்த வேண்டும். துடைத்தெடுக்கும் நீரோடு உப்பும் துணியில் போய்விடுகிறது.

மெழுகும், இக்காலத்தில் பூசப்படும் செராமிக் பூச்சும் நீரை முத்து முத்தாகத் திரட்டும். அது கண்டு துடைக்காமல் விட்டுவிடாதீர்கள். முத்தும் காய்ந்தால் கறையே. அப்பூச்சின் மேல் படிந்ததை எளிதில் எடுக்கலாம் என்பதே பயன்.

வீட்டில் ஆர்.ஓ. நீர்ச்சுத்திகரிப்பான் உள்ளோர் பலர், அது கழித்துவிடும் நீரைச் சேமித்து வண்டி கழுவப் பயன்படுத்துகின்றனர். சிக்கனம் பாராட்டத்தக்கதே. ஆனால் நல்ல நீரிலிருந்து பிரித்த உப்பெல்லாம் அக்கழிவு நீரில்தான் இருக்கிறது. பாதி நீர் நல்லதாகவும் பாதி கழிவாகவும் பிரிந்தால், கழிவில் உப்பு ஏறக்குறைய இரு மடங்காகும். அதனைத் தளம் துடைக்கவும் கழிப்பறைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். சக்கரத்துச் சேற்றைப் போக்கலாம். மேனியில் ஊற்ற வேண்டாம்.

வீட்டுக்கு மென்னீராக்கும் கருவி வைத்திருப்போர்க்கும் கறை வரலாம். அக்கருவி கால்சியத்துக்கு ஈடாகச் சோடியத்தை நீரில் விடுகிறது. சோடிய உப்பு காய்ந்தாலும் ஈரத்துணி பட்டதும் கரைந்து போகும் என்பதே வேறுபாடு.

அப்படியாயின் கடைசி அலசலுக்கு நல்ல நீருக்கு எங்கே போவது? குடிநீரை வண்டிக்கு ஊற்றுக என்று நாம் கூறமாட்டோம். தெருமுனையில் குடங்கள் வரிசையில் நிற்கும் ஊர்களில் அது தகாது. மழைநீர் இருக்கிறது. 2003ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் கட்டடங்களுக்கு மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. கூரையைக் கழுவிவரும் முதல் நீரை விட்டுவிட்டு, அடுத்து வருவதைத் தொட்டியில் பிடித்து வைத்தால் அதனினும் மென்மையான நீர் வேறில்லை. குளிர்சாதனப் பெட்டி உள்ள வீடுகளில், அதன் குழாய் வழியே சொட்டும் நீர் காற்றின் ஈரம் குளிர்ந்து திரண்டதே. உப்பு ஏறக்குறைய இல்லாதது. குடிக்க ஆகாது, வண்டியை அலச மிகவும் ஏற்றது. பூவாளியில் ஐந்து லிட்டர் எடுத்து மேலிருந்து ஊற்றினால் ஒரு கார் முழுவதும் அலசிவிடலாம்.

அளவையும் கருதுக. நிமிடத்திற்கு ஒரு வாளி நிரப்பும் குழாயைப் பத்து நிமிடம் திறந்துவிட்டால் 150 லிட்டர் போய்விடும். இரண்டு வாளியும் ஒரு பூவாளியும் கொண்டு செய்யும் வேலைக்கு 35 லிட்டர் போதும். நீர் குறையக் குறைய உப்பும் குறைகிறது. சிக்கனமே இங்கு மருந்தாகவும் அமைகிறது.

இறுதியாக, வண்டியை நிறுத்தும் இடத்தை ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். மேலே தொட்டியின் வழிகுழாய் உண்டா? தோட்டத்துத் தெளிப்பான் எட்டுகிறதா? உண்டெனில் வண்டியை நான்கு அடி நகர்த்துவதே எல்லா மருந்திலும் மேலானது.

கேள்வி கேட்ட அன்பருக்கு நாம் கூறுவது இது. இன்று மாலையே இரவுச் சோதனையைச் செய்து பாருங்கள். கண்ணாடியை முதலில் கவனியுங்கள், வண்ணம் காத்திருக்கலாம். நாம் அழகு கெட்டதென்று வருந்தியது இரண்டு ஆண்டு. கண்ணாடியின் நிலையை உணர்ந்தது ஒரே நொடியில். கிணத்துக்கடவு அருகே அன்றிரவு கீற்றுக் கட்டை நிமிர்த்திக்கொண்டு நடந்து போனவரின் பெயரையும் நாம் அறியோம். வீடு சென்று சேர்ந்தார் என்பதே நமக்குப் போதுமானது. இன்றும் வண்டியைத் துடைக்கும்போதெல்லாம், கண்ணாடியை மட்டும் இருமுறை துடைக்கிறோம்.

அடுத்த திங்கள், மழைக்காலத்துக்கு முன் கூரை ஓடுகளையும் நீர்த்தொட்டியையும் தூய்மை செய்வது பற்றிக் காண்போம்.